ரோஸ் டெஸ்டர் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்? அயனி மாசு சோதனைக் கருவிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு திங்கட்கிழமை காலை, முதல் ஷிஃப்டின் முதல் சர்க்யூட் போர்டு. போர்டில் ஒட்டியிருக்கும் உப்பு போன்ற அயனி அழுக்கை, கழுவிய கரைசலின் மின்தடையை வைத்து அளப்பதுதான் ரோஸ் டெஸ்டர்; அதன் திரையில் 2.4 (சதுர செ.மீ.க்கு மைக்ரோகிராம்) என்று வந்தது. எங்கள் வரம்பு 1.56. அடுத்த போர்டு 2.3. லைனை நிறுத்திவிட்டோம். வாஷிங் மெஷினின் தண்ணீரைப் பார்த்தோம், சாலிடர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கேனின் லாட் எண்ணைப் பார்த்தோம், வேவ் சோல்டரின் சூட்டைப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து டேங்க்கின் அடித்தட்டைத் தூக்கியபோது, மூலையில் ஒரு ரப்பர் விரலுறை சுருண்டு கிடந்தது. சனிக்கிழமை யாரோ போர்டை எடுக்கும்போது நழுவவிட்டது. அதிலிருந்து கசிந்த உப்பு முழுக்கப் போர்டின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

போர்டு வைக்காமல் வெறும் கரைசலை ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும். எண் மோசமாக வந்தால் முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும், அப்புறம்தான் போர்டு. எண் மிக நன்றாக வந்தாலும் அப்படித்தான். கருவி குறைத்துக் காட்டினால் யாரும் லைனை நிறுத்தப் போவதில்லை. உப்புப் படிந்த போர்டு பெட்டிக்குள் போய், வாடிக்கையாளரிடம் ஈரக்காற்றில் ஆறு மாதம் உட்கார்ந்து, செப்புத் தடங்களுக்கு நடுவே பூஞ்சை போல் உலோகம் வளர்ந்து ஷார்ட் ஆகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

கருவி என்ன செய்கிறது என்பது தெரியாமல் பழுது பார்க்க முடியாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதாவது நாம் ஐபிஏ என்று சொல்வது, 75 பங்கு. அயனி நீக்கிய தண்ணீர், அதாவது டிஐ தண்ணீர், 25 பங்கு. சில கருவிகளில் பாதிக்குப் பாதி. அளக்கும் முன் கருவி இந்தக் கலவையை ரெசின் மணிகள் நிரம்பிய தூண் வழியே சுற்றவிட்டு அயனிகளை நீக்கும்; அப்போது எண் இறங்கி நிற்கும் இடம்தான் அடிமட்டம். பிறகு இந்தக் கலவையில் போர்டை முக்கினால் ஆல்கஹால் ஃப்ளக்ஸின் பிசினான ரோசினைக் கரைக்கும், தண்ணீர் உப்பைக் கரைக்கும். சுத்தமான கலவை மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தவே கடத்தாது. அயனி கலந்தவுடன் கடத்தத் தொடங்கும். எவ்வளவு கடத்துகிறது என்பதை, மின்முனைகள் உள்ள செல் என்ற உணரி அளக்கும். அதைச் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடின் கணக்குக்கு மாற்றி, போர்டின் பரப்பளவால் வகுத்து, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று திரை சொல்லும். போர்டில் இருப்பது ஃப்ளக்ஸின் அடிபிக் அமிலமா, விரலின் வியர்வையா, பிளேட்டிங் பாத்தின் மிச்சமா என்று இதற்குத் தெரியாது. எல்லாமே உப்புக் கணக்கில்தான் வரும். எந்த அயனி என்று தெரிய வேண்டுமானால் அயன் குரோமட்டோகிராஃபிக்கு அனுப்ப வேண்டும்.

1.56 எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970களில் அமெரிக்கக் கடற்படையின் இண்டியானாபொலிஸ் ஏவியானிக்ஸ் மையத்தில் இந்த முறை உருவானது. மின்தடைத்திறன் (அயனி கூடினால் இது குறையும்) 6 மெகா ஓம்-செ.மீ.க்குக் குறையாத கரைசலை எடுத்து, போர்டின் ஒரு சதுர அங்குலத்துக்கு 10 மி.லி. என்ற கணக்கில் பீய்ச்சிக் கழுவி, கழுவிய கரைசல் 2 மெகா ஓம்-செ.மீ.க்குக் கீழே போகாவிட்டால் தேர்ச்சி. அதை உப்புக் கணக்கில் சொன்னால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 மைக்ரோகிராம், சதுர செ.மீ.க்கு 1.56. ரோசின் ஃப்ளக்ஸும் பெரிய கால் வைத்த பாகங்களும் இருந்த காலத்தின் எண் அது. அப்போதே ஒரே போர்டுக்குக் கருவிக்குக் கருவி வெவ்வேறு எண் வந்ததால், கையால் கழுவும் முறைக்கு 10 என்றால் ஒமேகாமீட்டர் என்ற கருவிக்கு 14, அயனோகிராஃப் என்ற கருவிக்கு 20 என்று சமன் எண்கள் வைத்தார்கள். உங்கள் கருவியின் எண்ணைப் பக்கத்து ஆலையின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2018-இல் சாலிடரிங் வேலைக்கான ஜே-எஸ்டிடி-001 தரநிலையின் திருத்தமும் அந்த ஒற்றை எண்ணைக் காட்டி மட்டும் 'என் செயல்முறை சுத்தம்' என்று சொல்ல முடியாது, வேறு ஆதாரங்களும் வேண்டும் என்று மாற்றிவிட்டது. இன்று இந்தக் கருவியின் வேலை காவல் காப்பது. நேற்று 0.4, இன்று 0.9 என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்வது. அதைச் சொல்லத் தகுதியாக இருக்க வேண்டுமானால், நேற்றும் இன்றும் கருவி ஒரே மாதிரி அளந்திருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும். சுத்தமான ஐபிஏவின் தீப்பற்று வெப்பநிலையே 12 டிகிரிதான். கால் பங்கு தண்ணீர் கலந்திருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். மூடியைத் திறந்து உள்ளே கை வைக்கும்போது கருவியின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். எக்ஸாஸ்ட் ஓடட்டும். பக்கத்தில் ஹாட் ஏர் கன் வேண்டாம். வடித்த பழைய கரைசல் சிங்க்கில் போகக் கூடாது. ஆபத்தான கழிவுக்கான கேனில் போக வேண்டும்.

படி 1: தினமும் காலையில் வெறும் ஓட்டம்

டேங்க்கில் எதுவும் வைக்காமல், போர்டுக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவீர்களோ அதே நேரம் ஓட்டுங்கள். போர்டு மாட்டும் ராக்கும் உள்ளே இருக்கட்டும், ஏனென்றால் அதுவும் அழுக்காக இருக்கலாம். வழக்கமாகச் சோதிக்கும் போர்டின் பரப்பளவையே கொடுங்கள். கிட்டத்தட்ட சுழியம் வர வேண்டும். கருவி புதிதாக, எல்லாம் நல்லபடியாக இருந்த நாளில் என்ன வந்தது என்பதை எழுதி வைத்திருந்தால் அதுதான் உங்கள் அளவுகோல். எழுதி வைக்கவில்லை என்றால், ரெசினும் கரைசலும் மாற்றும் அடுத்த நாளில் எழுதிவிடுங்கள்.

மூடியை நன்றாக மூடி வைத்து ஓட்டுங்கள். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைசலில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். பீய்ச்சியடிக்கும் நாசில் உள்ள கருவிகளில் இது இன்னும் அதிகம். மூடி திறந்தே கிடந்தால் ரெசினும் சீக்கிரம் தீர்ந்துபோகும், ஏனென்றால் அந்த அமிலத்தைப் பிடிப்பதும் ரெசின்தான்.

படி 2: வாரம் ஒரு முறை உப்பு ஊசி

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த அளவு உப்பை டேங்க்கில் விட்டு, கருவி அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது.

பகுப்பாய்வுத் தரச் சோடியம் குளோரைடை 105 முதல் 110 டிகிரி வரையான சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஈரம் புகாத டெசிகேட்டர் கலத்தில் ஆறவிடுங்கள். அதில் சரியாக 100 மில்லிகிராம் எடைபோட்டு, ஒரு லிட்டர் டிஐ தண்ணீரில் கரையுங்கள். இப்போது 1 மி.லி.யில் 100 மைக்ரோகிராம் உப்பு இருக்கும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், கண்ணாடியிலிருந்து சோடியம் கசியும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, தயாரித்த தேதியை ஒட்டி வையுங்கள். ஆய்வக வசதி இல்லாவிட்டால் சான்றிதழோடு வரும் தயார் கரைசலை வாங்கலாம், விலை ஒன்றும் கண்ணைப் பறிக்காது.

கருவி அடிமட்டத்துக்கு இறங்கியதும் பரப்பளவு 100 சதுர செ.மீ. என்று கொடுத்து, மைக்ரோ பிப்பெட்டால் 1 மி.லி. விடுங்கள். திரை 1.00 சொல்ல வேண்டும். பெரிய டேங்க் என்றால் 500 சதுர செ.மீ., 5 மி.லி.; அப்போதும் 1.00தான். கருவியின் கையேடு எவ்வளவு விலகலை ஏற்கிறதோ அதுதான் வரம்பு. நான் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்குப் போர்டு எதையும் சோதிக்க விடமாட்டேன். மூன்று முறை செய்து பாருங்கள். 0.97, 1.02, 0.99 என்று வந்தால் கருவி நலம். 0.8, 1.1, 0.9 என்று வந்தால் சராசரி சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பம்ப்போ குமிழியோ எங்கோ விளையாடுகிறது.

படி 3: கலவை விகிதம்

ஐபிஏ தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். டேங்க் மட்டம் குறையும்போது குறைவது பெரும்பாலும் ஆல்கஹால்தான். அதனால் மட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு 75/25 கலவையையே ஊற்றிக்கொண்டு இருந்தால், மெல்ல மெல்லத் தண்ணீர்ப் பங்கு ஏறும். ரோசின் கரைவது குறையும், உப்பு கடத்தும் விதமும் மாறும்.

ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். 20 டிகிரியில் 75/25 கலவையின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சுமார் 0.86 இருக்கும், பாதிக்குப் பாதிக் கலவைக்குச் சுமார் 0.92. இங்கே நம் ஊர் வெயில் ஒரு வேலை செய்யும். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒப்படர்த்தி 0.0008 அளவுக்கு இறங்கும். அறை 30 டிகிரியில் இருந்தால் சரியான கலவையே 0.852 என்று காட்டும். அதைப் பார்த்து ஐபிஏ கூடிவிட்டது என்று தண்ணீர் ஊற்றிக் கலவையைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹைட்ரோமீட்டரின் கழுத்தில் எந்த வெப்பநிலைக்கானது என்று எழுதியிருக்கும். கரைசலின் வெப்பநிலையை அளந்து, கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே எதையும் ஊற்றுங்கள். ஹைட்ரோமீட்டரை வெறுங்கையால் பிடித்து டேங்க்குக்குள் விடவும் வேண்டாம். ஒரு கிண்ணத்தில் கரைசலை எடுத்து வெளியே அளந்து, அந்தக் கரைசலைக் கழிவில் விட்டுவிடுங்கள்.

படி 4: ரெசின்

ரெசின் தூணுக்குள் இரண்டு வகை மணிகள் கலந்திருக்கும். ஒன்று நேர் அயனியைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும், மற்றது எதிர் அயனியைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். பிடிக்கும் இடமெல்லாம் நிரம்பிவிட்டால் ரெசின் செத்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு மாதத்துக்கு ஒரு முறை என்று நாள்காட்டி பார்த்து மாற்றுவதை நான் நம்புவதில்லை. அழுக்குப் போர்டுகள் நிறைய ஓடினால் சீக்கிரம் தீரும். அடிமட்டத்துக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைத் தினமும் குறித்து வாருங்கள். 4 நிமிடத்தில் இறங்கிய கருவிக்கு இப்போது 11 நிமிடம் ஆகிறது என்றால் ரெசினை ஆர்டர் போடும் நேரம்.

புதிய ரெசின் மாற்றும்போது பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. ரெசின் ஈரமாகத்தான் வரும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அப்படியே போட்டு ஓட்டினால் அந்தத் தண்ணீர் முழுக்க உங்கள் கலவைக்குள் வந்து விகிதத்தைத் தூக்கிவிடும். அதனால் புதிய தூணை முதலில் கொஞ்சம் கலவையால் அலசி, அலசியதைக் கழிவில் விட்டு, அப்புறம் கருவியோடு இணையுங்கள். அன்றே ஒப்படர்த்தியைத் திரும்பப் பாருங்கள். மீன் வாடை வந்தால் அது ரெசினிலிருந்து கசியும் அமீன். இன்னும் அலச வேண்டும். ரெசினைக் காய விடவே கூடாது. காய்ந்த மணி வெடித்துத் தூளாகி, ஃபில்டரை அடைத்து, செல்லில் போய் உட்காரும்.

படி 5: செல், பம்ப், குழாய்

செல்லின் மின்முனைகளை விரலாலோ பிரஷாலோ தொடாதீர்கள். பல செல்களில் பிளாட்டினப் பூச்சு இருக்கும், ஒரு தேய்ப்பில் போய்விடும். மின்முனை மேல் மஞ்சளாகப் படலம் தெரிந்தால் அது ரோசின். சுத்தமான ஐபிஏவில் ஊறவிட்டு, புதிய ஐபிஏவால் இரண்டு மூன்று முறை அலசினால் போதும். அதற்கும் போகாத படலத்துக்கு அமிலம் கிமிலம் என்று நீங்களாக முயலாமல், தயாரிப்பாளர் சொல்வதைச் செய்யுங்கள். செல்லைக் கழற்றி மாட்டினால் உப்பு ஊசி கட்டாயம்.

பம்ப்பில் பார்க்க வேண்டியது, உறிஞ்சும் பக்கத்து இணைப்புகள். அழுத்தும் பக்கம் கசிந்தால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கம் கசிந்தால் காற்றை இழுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. செல்லில் குமிழி போய் எண் துள்ளும். ஒளி ஊடுருவும் குழாய் இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள், மணி மணியாகக் குமிழி ஓடுவது தெரியும். குழாய் மாற்ற வேண்டி வந்தால் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயைப் போடாதீர்கள். ஐபிஏ அதிலிருந்து என்னென்னவோ இழுத்து வரும். கருவிக்கான குழாயே வேண்டும்.

படி 6: கோளாறைத் தேடும்போது

அடிமட்டம் இறங்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே ரெசினைக் குறை சொல்லாமல், இறங்கும் விதத்தைப் பாருங்கள். மெதுவாக, ஆனால் விடாமல் இறங்குகிறது என்றால் ஓட்டம் குறைவு அல்லது ரெசின் பாதி தீர்ந்தது. ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். சட்டென்று இறங்கி ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது என்றால் உள்ளே ஏதோ ஒன்று விடாமல் உப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது: ராக், மூடியின் அடியில் தொங்கும் பழைய சொட்டு, ஓ-ரிங் இடுக்கு, கழன்று விழுந்த லேபிள். ரெசினைத் துண்டித்து வெறும் கரைசலைச் சுற்றவிடுங்கள். எண் விறுவிறுவென ஏறினால் சந்தேகமே இல்லை, டேங்க்கைக் காலி செய்து தேட வேண்டியதுதான். எங்கள் விரலுறை விஷயத்தில் ரெசின் ஓடும்போது அடிமட்டம் இறங்கிவிட்டது, கசிவை ரெசின் வென்றுவிட்டது. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. ரெசினைத் துண்டித்து அளக்கும் வகைக் கருவிகளில் இந்த ஏமாற்றம் சகஜம்.

எண் ஏறிக்கொண்டே போகிறது, சமநிலைக்கு வரவில்லை என்றால் அதே நேரத்துக்கு வெறும் ஓட்டம் விடுங்கள். அதிலும் அதே ஏற்றம் இருந்தால் காற்றின் கார்பன் டை ஆக்சைடு. மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெறும் ஓட்டம் தட்டையாக இருந்தால் போர்டில்தான் விஷயம். குறைந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் க்யூஎஃப்என், பிஜிஏ பாகங்களின் அடியிலிருந்து அழுக்கு மெதுவாக வெளியேறுகிறது.

எல்லா எண்ணும் குறைவாக வருகிறது, உப்பு ஊசியும் 0.7 என்கிறது. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். செல்லில் படலம் இருக்கலாம். இன்னொன்று, மூன்று வழி வால்வு. அளக்கும்போது ரெசினை முழுக்க அடைக்க வேண்டிய வால்வு லேசாகக் கசிந்தால், போர்டிலிருந்து வந்த உப்பில் கொஞ்சம் ரெசினுக்குள் போய்க் காணாமல் போகும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: உப்பை விட்டு, எண் உச்சத்துக்குப் போன பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எண் அப்படியே நின்றால் வால்வு நலம், மெதுவாக இறங்கினால் வால்வு கசிகிறது.

எண் அதிகம், ஆனால் வெறும் ஓட்டம் சுத்தம். இப்போது பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 16 செ.மீ.க்கு 10 செ.மீ. போர்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 320 சதுர செ.மீ. யாரோ 160 என்று அடித்திருந்தால் எண் அப்படியே இரட்டிப்பாகும். பாகங்களின் பரப்புக்காகக் கூட்டும் சதவீதத்தையும் உங்கள் ஆலையில் எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் மட்டத்தையும் பாருங்கள். கருவி தனக்குள் இத்தனை லிட்டர் இருக்கிறது என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது, மட்டம் குறைந்தால் அதே உப்பு அதிகமாகத் தெரியும். அப்புறம் கை. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, ஓரத்தை மட்டும் பிடிப்பது. ஒரு நாள் புதிய ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்றால், ஒரே தட்டிலிருந்து இரண்டு வெற்றுப் போர்டுகளை எடுத்து, ஒன்றை மட்டும் வெறுங்கையால் நன்றாகத் தடவிவிட்டு இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள். கடலோரத்தில், வியர்க்கும் ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இரண்டு எண்களுமே போதும், பாடம் வேண்டாம்.

எண் துள்ளினால் குமிழி, தளர்ந்த செல் கனெக்டர், எர்த், வெப்ப உணரி என்ற வரிசையில் பாருங்கள். கரைசல் ஒரு டிகிரி சூடானால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடும். உணரி பொய் சொன்னால் கருவி தவறாகத் திருத்திக்கொள்ளும். ஏசியின் காற்று நேராக டேங்க்கின் மேல் அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 7: செய்யவே கூடாத ஒன்று

போர்டு 1.8 வந்தது, 'இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம்' என்று அதே போர்டைத் திரும்ப முக்கினால் 0.3 வரும். வராமல் எப்படி இருக்கும்? முதல் ஓட்டமே அதைக் கழுவிவிட்டதே. இரண்டாவது எண்ணைப் பதிவேட்டில் எழுதித் தேர்ச்சி என்பது, அதே லாட்டில் கழுவப்படாமல் இருக்கும் மற்ற எல்லாப் போர்டுகளையும் பார்த்துப் பொய் சொல்வது. இரவு ஷிஃப்டில் அவசரத்தில் இது நடக்கும். செய்பவரைத் திட்டிப் பயனில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு போர்டின் சீரியல் எண்ணுக்கும் ஒரே ஒரு வரிக்கு மட்டும் இடம் கொடுங்கள். திரும்பச் சோதிக்க வேண்டும் என்றால் அதே லாட்டிலிருந்து வேறு போர்டு. அதற்கு முன் வெறும் ஓட்டம், உப்பு ஊசி. இரண்டும் சரியாக இருந்து புதிய போர்டும் 1.8 என்றால், கருவியை விட்டுவிட்டு லைனுக்குப் போங்கள்.

நீண்ட விடுமுறைக்கு முன்

பொங்கலுக்கு நான்கைந்து நாள் ஆலை மூடும்போது கருவியை அப்படியே அணைத்துவிட்டுப் போகாதீர்கள். ராக்கை எடுத்து ஐபிஏவில் அலசி மூடி வையுங்கள். ரெசின் தூணின் இரண்டு வால்வுகளையும் அடைத்து, உள்ளே கரைசல் நிரம்பியிருப்பதை உறுதி செய்யுங்கள். டேங்க் மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. திரும்பி வந்த அன்று காலையில் முதலில் மட்டம், அப்புறம் ஒப்படர்த்தி. ரெசின் வழியாக அரை மணி நேரம் சுற்றவிட்டு, இரண்டு வெறும் ஓட்டம். இரண்டாவது முதல் ஓட்டத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதன் பிறகு உப்பு ஊசி மூன்று. இவ்வளவுக்கும் முழுசாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அன்றைய முதல் ஷிஃப்டின் திட்டத்தில் அந்த நேரத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் காலை எட்டு மணிக்கே யாராவது கையில் போர்டோடு வந்து நிற்பார்கள்.